கருவாட்டின் மேல் போட்ட பழி

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. குளச்சல் மீன் வரத்து குறைந்துவிடும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கருவாடுதான். கிட்னி மாற்றியவனுக்கு உப்பு ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அடுப்புக் கனலில் சாளைக் கருவாடு சுடுகிற மணம் வரும்போது ஒரு துண்டு, அரைத் துண்டு என்று கை போய்விடும். அதனால் 2017 ஜூலையில் என் பிரஷர் 128/80 என்ற இடத்திலிருந்து ஏறி 150ஐத் தாண்டியபோது எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. கருவாடு. நிறுத்தினேன். பிரஷர் 160 ஆனது. ஊறுகாயை நிறுத்தினேன். 170 ஆனது.

அம்மா தந்த கிட்னி அது. அந்த வருடம் பெப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் பதினான்கு மாதம் நாகர்கோவிலில் வாரம் மூன்று டயாலிசிஸ். செலவுக்குக் குலசேகரம் பக்கம் இருந்த ரப்பர் விளையை விற்றோம். அம்மாவுக்கு அப்போது 59 வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இவ்வளவும் நடந்து ஐந்தே மாதத்தில் கருவாடு தின்று பிரஷரை ஏற்றிக்கொண்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? சொல்லவில்லை. தினமும் பிரஷர் எழுதும் நோட்டில் 168 என்று வந்தால் 148 என்று எழுதினேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் முதல் தப்பு என்னுடையது.

இரண்டாவது தப்பு ஊரில் நடந்தது. செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போக இன்னும் மூன்று வாரம் இருந்தது. தலைவலி தாங்காமல் பக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் கிட்னி டாக்டர் இல்லை. பிரஷருக்கு ஏற்கெனவே இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவதாக டெல்மிசார்ட்டான் எழுதிக் கொடுத்தார். கிட்னி மாற்றியவன் என்று சொன்னேன், தலையசைத்தார். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தாம் நாள் கால் வீங்கியது. பதினொன்றாம் நாள் இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி களகளவென்று சத்தம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நீர் பிரிய ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, காலையில் எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நுரையீரல் முழுக்கத் தண்ணீர். கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், 1.2ல் இருந்தது 2.6 ஆகியிருந்தது.

கிட்னியை உடம்பு ஏற்க மறுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ‘ரிஜெக்‌ஷன்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் களியக்காவிளையைத் தாண்டும்வரை அம்மா என் கையை விடவில்லை.

திருவனந்தபுரத்தில் எங்கள் டாக்டரம்மா முதலில் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. கட்டிலருகே வந்து, வேட்டியை விலக்கி, வலது அடிவயிற்றில் கிட்னி இருக்கும் மேட்டின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நன்றாக ஒரு நிமிடம் கேட்டார். அப்புறம் கூட வந்த இளம் டாக்டர்களிடம் குழலை நீட்டி ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். “இந்தக் குளிக யாரு தந்நு?” என்று மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அன்றோடு டெல்மிசார்ட்டான் நின்றது. மற்றபடி, “பேடிக்கண்டா (பயப்படாதே), இது ரிஜெக்‌ஷன் ஆகாமலிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

அவர் கேட்டது இரைச்சல். குழாய் சுருங்கிய இடத்தில் ரத்தம் சீறிக்கொண்டு போகிற சத்தம். டாப்ளரில் அந்த இடத்தில் ரத்தத்தின் வேகம் வினாடிக்கு 380 சென்டிமீட்டர் என்று வந்தது. 200க்கு மேல் போனாலே சந்தேகப்படத் தொடங்குவார்களாம். அதே சமயம் கிட்னிக்கு உள்ளே இருக்கும் சிறு குழாய்களில் துடிப்பு சோம்பிப்போய் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் சீற்றம், உள்ளே வறட்சி. மாற்றிய கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்குவது இப்படித்தான் தெரியவரும். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் வரும் என்றார்கள். என் ஐந்தாம் மாதம் அதற்குள் கச்சிதமாக விழுந்தது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் சானலில் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. வாரத்துக்கு நாலு சண்டை வீட்டு வாசலுக்கு வரும். சானல் நிறையத் தண்ணீர் ஓடும், ஆனால் ஒரு வயலின் மடையில் மட்டும் கல்லோ சகதியோ அடைத்துக்கொண்டிருக்கும். அந்த வயல்காரனுக்கு அது தெரியாது. அணையில் தண்ணீரே திறக்கவில்லை என்று கத்துவான், மேலிடத்துக்கு மனு போடுவான். மேலே இருப்பவர்களும் மதகை இன்னும் தூக்குவார்கள். சானல் கரை தாண்டும், ஊரெல்லாம் வெள்ளம், அவன் வயல் மட்டும் காயும். கிட்னியும் அந்த வயல்காரன் மாதிரிதான். தன்னிடம் வரும் ரத்தம் குறைந்தால் உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணி ரெனின் என்ற பொருளைச் சுரந்து கூச்சல் போடும். உடம்பு குழாய்களை இறுக்கும், உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரஷர் ஏறும், நுரையீரலில் தண்ணீர் தேங்கும். கருவாட்டுக்கு இதில் பெரிய பங்கில்லை.

மாத்திரை செய்த வேலையும் அப்போதுதான் விளங்கியது. வரும் வழி அடைபட்ட வயலில், இருக்கிற தண்ணீராவது நிற்கட்டும் என்று விவசாயி வடிகாலை அடைத்து வைப்பான். கிட்னியும் ரத்தம் வெளியேறும் வாசலை இறுக்கிப் பிடித்துத்தான் உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றும். ‘சார்ட்டான்’ என்றும் ‘ப்ரில்’ என்றும் முடியும் பெயருள்ள மாத்திரைகள் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். நல்ல மாத்திரைகள்தான், கிட்னி மாற்றிய பலருக்கு அவற்றையே தருகிறார்கள். ஆனால் தொடங்கியபின் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். பார்க்கும்போது கிரியேட்டினின் துள்ளி ஏறியிருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்தில் 2.6, 1.7க்கு இறங்கியது. எந்த டாக்டர் புதிதாக எந்த பிரஷர் மாத்திரை எழுதினாலும், முதல் மாத்திரை விழுங்கும் முன் கிட்னி மாற்றிய ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைக்கும் இதேதான்.

ஏன் சுருங்கியது? இதற்கான பதில் என்னிடமே இருந்தது. தக்கலையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் ஊராரின் டிஸ்சார்ஜ் சம்மரியை நகல் எடுப்பவன், என் சம்மரியின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததில்லை. அம்மாவின் இடது கிட்னிக்கு இரண்டு தமனிகள் இருந்தன என்று அதில் எழுதியிருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. வெளியே எடுத்து ஐஸில் வைத்தபடி இரண்டையும் ஒரு வாயாகத் தைத்து, அதன்பின் என் காலுக்குப் போகும் பெரிய தமனியில் சேர்த்திருக்கிறார்கள். இறந்தவரிடமிருந்து கிட்னி எடுக்கும்போது மகாதமனியின் சுவரில் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டி எடுக்கலாம். தைக்க அகலமான ஓரம் கிடைக்கும். உயிரோடு இருக்கும் அம்மாவிடமிருந்து அப்படி எடுக்க முடியுமா? மெல்லிய தமனியின் வாயையே தைக்க வேண்டும். ஆறிவரும்போது தையல் ஓரத்தில் தழும்பு தடிக்கலாம், குழாய் கொஞ்சம் நீளமாகிவிட்டால் மடங்கலாம். எனக்கு இரண்டும் நடந்திருந்தது.

மகாதமனியின் சுவரிலிருந்து எடுக்கும் அந்தத் துண்டுக்குக் காரெல் துண்டு என்று பெயர். அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு சர்ஜன் ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1912ல் நோபல் பரிசு வாங்கியவர். லியோன் நகரத்தில் எம்பிராய்டரி போடும் ஒரு பெண்ணிடம் நுண்தையல் பழகிக்கொண்டவர். இதை நான் சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். அவள் தோவாளைக்காரி, பூக்கட்டிப் பழகிய கை. “நார் இறுகினா காம்பு நறுங்கிரும், தளர்ந்தா பூ உதுந்துரும் கேட்டியா, அது கைப்பழக்கம் மக்களே” என்றாள். அதற்கு முன்னால் அவள் வைத்திருந்த கொள்கை வேறு: தக்கலை ரோட்டுக் குழியில் நான் பைக் ஓட்டியதால் கிட்னி இடம் நகர்ந்துவிட்டது என்பது. ரோடு மோசம்தான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மாவே சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பலூன். செப்டம்பரில் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்தார்கள். படம் தெரியச் செலுத்தும் சாயமே கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால் முந்தின இரவிலிருந்தே சலைன் ஏற்றினார்கள். சாயத்தையும் குறைவாகவே பயன்படுத்தினார்கள். அப்புறம் ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்காமல் படுத்திருந்ததுதான் பெரிய சித்திரவதை. ஆனால் அன்று சாயங்காலமே பிரஷர் 140/86. பெரும்பாலானவர்களுக்குப் பலூனும், தேவைப்பட்டால் குழாயை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலுமாகக் கதை முடிந்துவிடும். கத்தி வைப்பது கடைசி வழி.

எனக்குக் கதை அதோடு முடியவில்லை. நவம்பர் நடுவில் பிரஷர் மறுபடி 160ஐத் தாண்டியது. இந்த முறை நோட்டில் உள்ளபடி எழுதினேன், போனில் படம் எடுத்து அனுப்பினேன். டிசம்பர் 1ஆம் தேதி டாப்ளருக்கு வரச் சொன்னார்கள். நவம்பர் 30ல் ஒக்கி புயல் வந்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்த ரோட்டில் ஒரு வண்டி நகரவில்லை, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கடலுக்குப் போன ஆட்களைத் தேடி கடற்கரை ஊர்கள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் என் பிரஷர் எனக்கே சின்ன விஷயமாகத்தான் பட்டது. ஆனால் கிட்னியை உடம்பு மறுக்காமலிருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை மூன்று நாளுக்குத்தான் இருந்தது. நாலாம் தேதி திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தபோது அட்டையில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் எப்போதும் மூன்று வார மாத்திரை தனியாக இருக்கும், பிரஷர் மெஷினுக்கு பேட்டரியும்.

டாப்ளர், சி.டி. ஆஞ்சியோ எல்லாம் பார்த்துவிட்டு ரத்தக்குழாய் சர்ஜன் எங்களை உட்காரவைத்துப் பேசினார். தைத்த இடம் மறுபடி சுருங்கியிருக்கிறது, பக்கத்திலேயே மடிப்பு. ஸ்டென்ட் வைத்தால் சிறிய தமனியின் வாய் மறையும், மடிப்பும் நேராகாது. திறந்து சரிசெய்வதுதான் வழி. ஆனால் பத்து மாதத்தில் கிட்னியைச் சுற்றித் தழும்பு கல் மாதிரி பிடித்திருக்கும், அதைப் பிரிக்கும்போதே குழாய் கிழியலாம், கிட்னியே போய்விடலாம். எதையும் மூடிவைத்துப் பேசவில்லை அவர். அந்த நேர்மைக்காகவே எனக்கு நம்பிக்கை வந்தது. வெளியே வந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னாள்: “இன்னொண்ணு தர எங்கிட்ட இல்லியே மக்களே.”

கையெழுத்துப் போடும் முன் நான் மூன்று கேள்வி கேட்டேன். இந்த ஆபரேஷனை இங்கே இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, செய்யாமல் விட்டால் கிட்னி எவ்வளவு நாள் தாங்கும், ஆபரேஷன் மேஜையில் கிட்னி போனால் டயாலிசிஸுக்காக என் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இன்னும் வேலை செய்கிறதா. மூன்றாவது கேள்விக்கு அவர் என் இடது கையைப் பிடித்து விரலால் அதிர்வைப் பார்த்து, “இருக்கிறது” என்றார். மாற்று முடிந்தாலும் அந்தக் கையில் பிரஷர் கட்டாதீர்கள், ஊசி குத்த விடாதீர்கள்.

டிசம்பர் நடுவில் ஆபரேஷன். பழைய தழும்பு வழியாகவே திறந்தார்கள். நாலரை மணி நேரத்தில் பெரும்பகுதி தழும்பைப் பிரிக்கவே போனதாம். சுருங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, என் இடது தொடையிலிருந்து எடுத்த சிரையின் ஒரு துண்டைப் பாலம் போல வைத்துத் தைத்தார்கள். அந்த நேரம் கிட்னிக்கு ரத்தம் கிடையாது. உடம்புச் சூட்டில் ரத்தமில்லாமல் ஒரு மணி நேரம் தாங்குவதே கஷ்டம் என்பதால் சுற்றிலும் ஐஸ் கூழ் போட்டுக் குளிரவைத்துத் தைத்தார்களாம். இருபத்தெட்டு நிமிடம். இதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில் இருந்தது. இந்த முறை வரி விடாமல் படித்தேன், மூன்று நகல் எடுத்தேன்.

ஐ.சி.யூ.வில் கண் விழித்ததும் சிறுநீர்ப் பையைத்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் பெப்ரவரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அண்ணன். மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் இரவு அவர் பையில் சிறுநீர் விழுவது திடீரென்று நின்றது. அவரே கவனித்தார். விடிந்ததும் சொல்லலாம், அந்தப் பிள்ளை இப்போதுதான் உட்கார்ந்தது என்று நர்ஸை எழுப்பவில்லை. குழாயில் ரத்தம் உறைந்துவிட்டிருந்தது. விடிந்தபின் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், கிட்னியை எடுத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். மெல்லச் சுருங்குவதற்கு என்னைப் போல மாதக்கணக்கில் முட்டாள்தனம் செய்ய அவகாசம் உண்டு. உறைவதற்கு அந்த அவகாசம் கிடையாது. முதல் இரண்டு வாரத்தில் சிறுநீர் சட்டென்று குறைந்தாலோ, ரத்தமாகப் போனாலோ, கிட்னி மேல் வலியும் வீக்கமும் வந்தாலோ, அந்தப் பக்கத்துக் கால் வீங்கினாலோ மரியாதை பார்க்காதீர்கள். கத்துங்கள். டியூப் அடைப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஒருமுறை கழுவிவிட்டுப் போவார்கள்.

எனக்கு மணிக்கு 120 மில்லி வந்துகொண்டிருந்தது. இரண்டு வேளை கட்டிலுக்கே டாப்ளர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள். உறையாமலிருக்க முதலில் ஹெபாரின், அப்புறம் ஆஸ்பிரின். ஆஸ்பிரின் இன்றுவரை ஓடுகிறது. பல் பிடுங்கப் போனாலும் அதை நானாக நிறுத்துவதில்லை, கேட்டுத்தான். வார்டில் நர்ஸுகள் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது கிரியேட்டினின் 1.3 என்று வந்தது. நாலு பிரஷர் மாத்திரை ஒன்றானது.

நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது கடைக்கு வரும் டயாலிசிஸ்காரர்களிடமும் மாற்றுக்காரர்களிடமும் நானே கேட்பேன், பிரஷர் எழுதுகிறீர்களா என்று. பாதிப் பேர் எழுதுகிறார்கள். எழுதுபவர்களில் எத்தனை பேர் என்னைப் போல நல்ல எண்ணை எழுதுகிறார்களோ! காலை எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஃபிஸ்டுலா இல்லாத கையில், மாத்திரைக்கு முன்னால். ராத்திரி ஒருமுறை. கூடவே எடை. என்ன தின்றோம் என்பதை எழுதத் தேவையில்லை, அதை எழுத ஆரம்பித்தால்தான் பழி போட ஆள் கிடைத்துவிடுகிறது. இரண்டு மாத்திரை முழு அளவில் போட்டும் ஒரு வாரமாகப் பிரஷர் இறங்காவிட்டால், “கிட்னி மேல் சத்தம் கேட்கிறதா பாருங்கள், டாப்ளர் எடுக்கலாமா” என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. டாப்ளருக்கு ஊசி இல்லை, சாயம் இல்லை, கிட்னிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ரிஜெக்‌ஷன் வேண்டாம் என்று ஆகஸ்டில் வேண்டிக்கொண்டிருந்தேன், டாப்ளரை ஜூலையிலேயே எடுத்திருந்தால் மூச்சு முட்டிய அந்த இரவு வந்திருக்காது.

அடுத்த வருடம் மார்ச்சில் செக்கப்புக்கு அம்மாவும் வந்தாள். அவளுக்கும் வருடம் ஒருமுறை பிரஷரும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், கொடுத்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். டாக்டரம்மா என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்ன நினைத்தாரோ, குழலை அம்மாவின் காதில் மாட்டிவிட்டார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முகம் மாறியது.

“ஒரு சத்தமும் இல்லியே டாக்டரே, நின்னு போச்சா?”

டாக்டரம்மா சிரித்து, எனக்கு எழுதிக்கொண்டிருந்த சீட்டில் அடுத்த டாப்ளர் தேதியை எழுதினார். ஆறு மாதம் கழித்து.